நிமிர்ந்து பெருக்கியவள்

பண்ணைக்காரர் ஆறுச்சாமிப் பண்ணாடியின் வீட்டு வாசலில் நான் சைக்கிளை நிறுத்தியபோது பகல் பதினொரு மணி இருக்கும். 1973, ஐப்பசிக் கடைசி. கொல்லங்கோட்டிலிருந்து மீனாட்சிபுரம் வரைக்கும் எல்லா ஊர்களுக்கும் சீமாறு விற்றுக்கொண்டிருந்தவன் நான். பெயர் பரீது. மலைப்புல் சீமாறுகளை மலை மேல் இருக்கிற சித்திரபுரத்தில் மொத்தமாக எடுத்து லாரியில் இறக்கி, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவேன். சீமாறு பறக்குமா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், காசு கொடுத்தால் பாட்டே பாடும் என்று சொல்லியிருப்பேன். அவ்வளவு கொழுப்பு எனக்கு, அவ்வளவு வாய்.

பண்ணாடியின் வீடு தென்னந்தோப்புக்கு நடுவில் தனியாக இருந்தது. பழைய ஓட்டு வீடு, முன்னால் அரை ஏக்கர் பரப்புக்கு மண் வாசல், இடது பக்கம் முப்பது கறவைகள் நிற்கும் கட்டுத்தறி, பின்னால் வற்றிப் போன அறுபதடிக் கல்கிணறு. அந்த வாசலையும் கட்டுத்தறியையும் பெருக்குவது பூவாத்தாளின் வேலை. புருஷன் இல்லாதவள், பிள்ளை இல்லாதவள், நாற்பத்தைந்து வயது இருக்கும்.

அன்றைக்கு அவள் உட்கார்ந்தபடியே வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஒரு முழம் பெருக்குவாள், கையை ஊன்றி ஒரு முழம் நகர்வாள், மறுபடியும் பெருக்குவாள். அந்த வாசலை அப்படிப் பெருக்கி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும்.

"என்னாச்சு பூவாத்தா?"

"ஆடி மாசத்துல காளை சொவத்தோட வெச்சு நெரிச்சுப் போட்டுதுங்க ராவுத்தரண்ணா. முதுகு குனிய மாட்டேங்குது. குனிஞ்சா உசிரு போவுதுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. சைக்கிளில் கட்டு சரியாமல் இருக்க ஒரு கல்மூங்கில் கம்பைச் செருகி வைத்திருந்தேன். நாலரை முழம் நீளம். அதை உருவி, நல்ல சீமாறு ஒன்றை எடுத்து, கம்பின் நுனியில் செருகிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். நான் செய்த ஒரே தர்மம் அது. அதைப் போல ஒரு பாவத்தையும் நான் செய்ததில்லை.

பூவாத்தாள் சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். கம்பை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வீச்சு வீசினாள். வாசலில் வில்லைப் போல வளைந்து ஒரு பெரிய கோடு விழுந்தது. இன்னொரு வீச்சு, இன்னொரு கோடு. அவள் முகத்தில் வந்த சிரிப்பை நான் இன்றைக்கும் பார்க்கிறேன்.

"நிமுந்துட்டே கூட்டலாமுங்க! இத்தனை நாளா இது தெரியாமப் போச்சே!"

உள்ளேயிருந்து பண்ணாடியின் பெண்டாட்டி, பண்ணாடிச்சி கமலாத்தாள் வெளியே வந்தாள். பின்னாலேயே அவள் தம்பி காளிச்சாமியும் வந்தான். கமலாத்தாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏண்டி, நாங்க நிக்கறப்பவே நெட்டுக்குத்தலா நின்னுக்கிட்டுத்தான் கூட்டுவியா?"

பூவாத்தாளின் சிரிப்பு போய்விட்டது. அந்த வீட்டில் வாசல் பெருக்குகிறவள் குனிந்துதான் இருக்க வேண்டும். பண்ணாடி போனாலும் வந்தாலும் அவள் முதுகுதான் தெரிய வேண்டும், முகம் தெரியக்கூடாது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நான் வாயைத் திறந்தேன். சும்மா இருந்திருக்கலாம்.

"கோவிச்சுக்காதீங்க பண்ணாடிச்சி. வெள்ளைக்காரிகள் எல்லாம் இப்படி நீட்டுக் கம்பு வெச்சுத்தான் கூட்டுவாங்க. கூட்டறது என்ன, ஏறிப் பறக்கவே செய்வாங்க."

"பறக்கறதா?" என்றான் காளிச்சாமி.

சித்திரபுரத்தில் ஒரு துரை பங்களாவின் காவல்காரர் பெண்டாட்டி சிசிலி எனக்கு ஒரு பழைய படப் புத்தகத்தைக் காட்டியிருந்தாள். அதில் கூர்மூக்குக் கிழவி ஒருத்தி நீட்டுக் கம்புச் சீமாற்றின் மேல் கால் போட்டு உட்கார்ந்து வானத்தில் போவாள். அதைக் கை கால் ஆட்டி நடித்துக் காட்டினேன். கமலாத்தாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நம்ம பக்கத்துப் பேய்க்குச் சீமாத்தைக் கண்டாலே ஆகாதே. சீமாத்துல நாலு போட்டா ஓடிப் போவும். அவுங்க பேய் அதும்மேலயே ஏறிக்குமா?" என்று கேட்டாள்.

"அதுதான் அவ சூட்சுமம். சீமாறு அவ கையில இருந்துச்சுன்னா அவளை எதால அடிப்பீங்க?"

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். ஆறுச்சாமிப் பண்ணாடியும் உள்ளேயிருந்து வந்து தூணில் சாய்ந்து நின்றார். கூட்டம் சேர்ந்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது.

"அப்படிப் பறந்து எங்கே போவா?" என்று காளிச்சாமி கேட்டான்.

"வேற எங்கே? அடுத்தவன் கட்டுத்தறிக்குத்தான். மடியில கை வைக்காமலே பாலைக் கறந்துட்டுப் போயிருவா. கன்னு செத்துப் போவும்."

அந்தக் கடைசி வரி படத்தில் இல்லை. பால் விற்கிற ஊரில் கதை ருசிக்கட்டும் என்று நான் சேர்த்தது. அன்றைக்கு அந்த வீட்டில் ஆறு சீமாறு விற்றேன்.

அடுத்து நான் அங்கே போனது மார்கழியில். திருவாதிரைக் காற்று தொடங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் மலைக்கு நடுவே பெரிய இடைவெளி இருப்பதால் கிழக்கிலிருந்து வருகிற காற்று முழுக்க அதன் வழியாகத்தான் போகும். பகலெல்லாம் பனையோலைகள் சடசடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். கண்ணைத் திறந்தால் மண். அன்று சைக்கிளை மிதிக்கவே முடியாமல் தள்ளிக்கொண்டுதான் போனேன்.

தோப்புக்குள் நுழையும்போதே நாற்றம் வந்தது. வேப்பிலைப் புகை, பினாயில், அதற்கெல்லாம் அடியில் புண் அழுகுகிற வாடை. கோமாரி. கறவைகள் வாயில் நுரை தள்ளிக்கொண்டு நின்றன. ஒன்பது கன்றுகள் செத்துவிட்டன என்று வழியிலேயே ஒருவர் சொன்னார். மாட்டு டாக்டர் வந்து பார்த்து, இது தொத்து வியாதி, பக்கத்து ஊர்களிலும் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். யார் காதில் விழுந்தது?

வாசலில் ஆள் இல்லை. எல்லோரும் கிணற்றடியில் நின்றார்கள். பண்ணாடி, பண்ணாடிச்சி, காளிச்சாமி, இன்னும் பத்துப் பதினைந்து வேலையாட்கள். நடுவில் பூவாத்தாள். தலைமுடி கலைந்து, உதடு கிழிந்து இருந்தாள். நான் கட்டிக் கொடுத்த சீமாற்றைக் காளிச்சாமி கையில் வைத்திருந்தான்.

"வாங்க ராவுத்தரே, நல்ல நேரத்துக்கு வந்தீங்க," என்றான். "சீமாத்தை அவ கையில உடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் மொதல்ல புடுங்கிட்டேன்."

சைக்கிளைத் தென்னையில் சாய்த்துவிட்டுக் கிட்டப் போனேன்.

"என்னங்க தம்பி இது?"

"நேத்து உச்சிப்பொழுதுல இந்தச் சீமாறு கட்டுத்தறி ஓட்டு மேல கெடந்துச்சு. இவ முதுகு குனிய முடியாதவ. ஓட்டு மேல எப்படி ஏறினா?"

"காத்துங்க," என்றாள் பூவாத்தாள். "சொவத்துல சாத்தி வெச்சனுங்க. காத்து தூக்கிட்டுப் போயிருச்சுங்க."

"காத்தாம் காத்து! மனுசனைத் தூக்காத காத்து கம்பைத் தூக்கிருமா?" என்று கமலாத்தாள் கத்தினாள். "எம்பட செவலைக் கன்னு எம்மடியில தலை வெச்சுச் செத்துச்சு. இவ நெட்டுக்குத்தலா நின்னு பாத்துட்டே இருந்தா."

ஆறுச்சாமிப் பண்ணாடி கையை உயர்த்தினார். எல்லோரும் அடங்கினார்கள். அவர் கோபப்படுகிற ஆள் இல்லை. பால் அளக்கிறபோது பேசுகிற அதே குரலில்தான் பேசினார்.

"ராவுத்தரே, உங்க வாயாலயே கேட்டுப் போடறேன். இந்தக் கம்புச் சீமாறு பறக்குமா, பறக்காதா? பறக்காதுன்னு நீங்க சொல்லிப்போட்டா இவளை உட்டுர்றேன். ஆனா இதை யாரு கட்டிக் குடுத்தா, இது வந்ததுக்கப்புறம் எம்பட கன்னுக எப்படிச் செத்துதுன்னு அந்த ஆளுகிட்ட நான் கேக்கோணும்."

கிணற்றுக்குள் காற்று ஓலமிட்டது. வேலையாட்கள் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் கையில் தடி இருந்தது.

பூவாத்தாளும் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம்கூடக் குறைந்துவிட்டது. ராவுத்தரண்ணன் வந்துவிட்டார், இனி ஒன்றும் ஆகாது என்று நினைத்திருப்பாள்.

"சொல்லுங்க ராவுத்தரண்ணா. நீங்க கட்டிக் குடுத்த கம்புதானுங்களே. உங்க சைக்கிள்ல இருந்த மூங்கில்தானுங்களே."

ஒரு வார்த்தை. ஆமாம் என்று ஒரே வார்த்தை சொல்ல வேண்டும். இரண்டு அடி விழுந்திருக்கும், கை கால் உடைந்திருக்கும். உயிர் போயிருக்காது.

"நான் புல்லுச் சீமாறு விக்கறவனுங்க பண்ணாடி," என்றேன். "கம்பு நான் கட்டலைங்க."

என் குரல்தான் அது. எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பூவாத்தாள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

காளிச்சாமி சிரித்தான். "அப்ப சோதிச்சுப் பாத்துருவோம். ஏறிப் பறந்து அந்தக் கரைக்குப் போனா, சூனியக்காரி. உழுந்தா நல்லவ. நாம கும்புட்டுக்கலாம்."

சிலர் சிரித்தார்கள். கிணற்று மேட்டின் விளிம்பில் அவளை நிறுத்தினார்கள். சேலையைத் தூக்கி, கால் நடுவே கம்பைக் கொடுத்தார்கள். குனிய முடியாத அவள் நேராக நின்றாள். கையிரண்டும் கம்பைப் பிடித்திருந்தன. வாசல் பெருக்கும்போது பிடிக்கிற அதே பிடி.

"பறடி!" என்றாள் கமலாத்தாள்.

பண்ணாடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். காளிச்சாமி உள்ளங்கையை அவள் முதுகில், காளை நெரித்த அதே இடத்தில் வைத்துத் தள்ளினான்.

அவள் கத்தவில்லை. கீழே கல்லில் மோதிய சத்தம் மட்டும் வந்தது.

அவள் விழுந்தாள்.

சீமாறு விழவில்லை.

கிணற்று வாய்க்கு நேர் மேலே, எங்கள் நெஞ்சு உயரத்தில், படுக்கையாக நின்றது. கொஞ்சம் ஆடியது. அவ்வளவுதான். எனக்குச் சீமாற்றைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. கம்புப் பக்கம் கனம், புல் பக்கம் லேசு. காற்று தூக்கினால் புரண்டு புரண்டுதான் போகும். இது புரளவில்லை. மெல்லத் திரும்பி, கம்பு நுனியைக் கிழக்கே நீட்டியது.

காற்று கிழக்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது.

சீமாறு கிழக்கே போனது. காற்றை எதிர்த்து, அவசரமே இல்லாமல், தென்னை மரங்களுக்கு மேலே ஏறிப் போனது. கண்ணுக்குத் தெரிகிறவரை பார்த்தோம். எங்கேயும் இறங்கவில்லை.

போலீஸ் வந்தபோது, கால் தவறி விழுந்துவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன், கையெழுத்தும் போட்டேன்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் என் மனைவி கௌலத் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். அவளிடம் என்னால் எதையும் மறைக்க முடியாது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க கட்டினதை நீங்கதான் கட்டினீங்கன்னு அங்கே போய்ச் சொல்லிட்டு வாங்க. அதைச் சொல்லாம உங்க தொழுகைகூடச் செல்லாது."

"போறேன்," என்றேன். போகவில்லை.

தை மாதம் பால் வண்டிக்காரன் செய்தி கொண்டுவந்தான். காளிச்சாமி நடு மத்தியானம் வாசலைத் தாண்டிக் கட்டுத்தறிக்குப் போனவன் அப்படியே மடங்கிவிட்டானாம். இடுப்பில் முறிந்த மாதிரி, நெற்றி முழங்காலைத் தொடுகிற அளவுக்கு. நான்கு பேர் பிடித்து நிமிர்த்தப் பார்த்திருக்கிறார்கள். கத்துகிற கத்தலில் விட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் மயக்க ஊசி போட்டு நிமிர்த்தியபோது முதுகில் ஏதோ உடைகிற சத்தம் கேட்டது, அதோடு உயிர் போய்விட்டதாம். மாசி பிறந்ததும் கமலாத்தாளும் மடங்கினாள் என்று அவனே மறுபடி வந்து சொன்னான். அவளை யாரும் நிமிர்த்தத் துணியவில்லை. மண்ணைப் பார்த்தபடியே பதினைந்து நாள் வாசலைச் சுற்றிச் சுற்றி நடந்து, ஒரு நாள் நடந்தபடியே கிணற்றுக்குள் போய்விட்டாள்.

கௌலத் என் சட்டையைத் துவைத்து மடித்து வைத்தாள். அடுத்த நாள் நான் கிளம்பினேன்.

போய்ச் சேர்ந்தபோது சரியாக உச்சிப்பொழுது. காற்று நின்றுவிட்டிருந்தது. அந்தத் தோப்பில் ஓலை அசையாமல் நான் பார்த்தது அன்றுதான். கட்டுத்தறி காலி. வேலையாட்கள் எல்லோரும் ஓடிப் போயிருந்தார்கள். ஆனால் வாசல் சுத்தமாக இருந்தது. ஒரு ஓலைத் துணுக்கு இல்லை, ஒரு சருகு இல்லை.

மண்ணில் கோடுகள். வில்லைப் போல வளைந்த, நீளமான கோடுகள்.

குனிந்து பெருக்கினால் அவ்வளவு பெரிய வீச்சு விழாது.

"யாருங்க?"

குரல் தரையிலிருந்து வந்தது. தூணுக்குப் பக்கத்தில் ஆறுச்சாமிப் பண்ணாடி நின்றுகொண்டிருந்தார். நின்றுகொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும், கால் இரண்டும் நேராகத்தான் இருந்தன. இடுப்புக்கு மேலே உடம்பு முழுக்க மடங்கி, தலை முழங்காலுக்கு நடுவே தொங்கியது. எச்சில் மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது.

"பரீதுங்க பண்ணாடி."

"ஓ, ராவுத்தரா. செருப்பைப் பாத்தேன், நெனச்சேன். சித்தெ கிட்ட வாங்க."

நான் கிட்டப் போகவில்லை. வாசலுக்கு நடுவிலேயே நின்று, கேட்கட்டும் என்று சத்தமாகச் சொன்னேன்.

"அந்தக் கம்பை நான்தானுங்க கட்டினேன். என் சைக்கிள்ல இருந்த மூங்கில். அவளுக்கு முதுகு வலின்னு நான்தான் கட்டிக் குடுத்தேன். பால் கறக்கற கதையும் நானே சேத்ததுங்க. அன்னைக்குப் பயந்துக்கிட்டுப் பொய் சொன்னேன். அவ மேல ஒரு தப்பும் இல்லைங்க!"

கடைசி வார்த்தையைக் கிணற்றைப் பார்த்து அழுதுகொண்டே கத்தினேன். எங்கோ ஓட்டில் ஓணான் ஓடியது.

பண்ணாடி சிரித்தார். மடங்கிய தொண்டையிலிருந்து வருகிற சிரிப்பு இருமலைப் போல இருந்தது.

"இது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? அன்னைக்கு நீங்க கட்டறப்ப நான் சன்னல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தேன்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"கன்னு செத்துதுன்னு எல்லாரும் என்னைக் கேக்கறாங்க. யாரையாச்சும் குடுக்கோணும். ஒண்ணு அவ, இல்லீன்னா நீங்க. நீங்களே அவளைக் குடுத்துட்டீங்க." எச்சிலை உறிஞ்சினார். "அது போவட்டும். உங்க நெழலைப் பாத்தீங்களா?"

உச்சி நேரத்தில் நிழல் எங்கே இருக்கும்? காலடியில் ஒரு கறுப்புத் திட்டு, அவ்வளவுதான். அதைப் பார்த்தேன்.

அதற்குக் குறுக்கே இன்னொன்று கிடந்தது.

நீளமாக, மங்கலாக. ஒரு நுனி மெல்லிசு. இன்னொரு நுனி விரிந்திருந்தது.

"மேல பாக்காதீங்க," என்றார் பண்ணாடி. "பாத்து ஒண்ணும் ஆவப் போறதில்ல. எனக்கு இப்ப மண்ணு மட்டுந்தான் தெரியும், அதனால நல்லாக் கணக்கு வெச்சிருக்கேன். மொதல்ல இப்படித்தான் மங்கலா உழுவும். நெம்ப ஒசரத்துல இருக்குதுன்னு அர்த்தம். நாளாவ நாளாவ எறங்கும். எறங்க எறங்க நெழல் தெளியும். புல்லு புல்லாத் தெரிஞ்சுதுன்னா முதுகுக்குக் கிட்ட வந்துருச்சு. எம்பட மச்சானுக்கு இருவது நாளு. கமலாத்தாளுக்கு ஒரு மாசம். உங்களுக்கு இன்னும் நாளிருக்குதுங்க, பயப்படாதீங்க."

நான் ஒரு அடி நகர்ந்தேன். அது நகர்ந்தது. சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். தோப்பின் நிழலுக்குள் நுழைகிறவரை தரையைப் பார்த்துக்கொண்டேதான் ஓடினேன்.

வெயில் இல்லாத ஊருக்குப் போனால் நிழல் இல்லை. அதுதான் எனக்குத் தோன்றியது. கொல்லங்கோட்டு வீட்டைப் பூட்டிவிட்டு, கௌலத்தைக் கூட்டிக்கொண்டு சித்திரபுரத்துக்கு வந்தேன். சிசிலி வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை கிடைத்தது. மழை, மூடுபனி, மறுபடியும் மழை. காலை பத்து மணிக்கும் விளக்குப் போட வேண்டும். ஆறு மாதம் நான் என் நிழலைப் பார்க்கவில்லை. பார்க்காதவரை சந்தோஷமாகவும் இருந்தேன்.

போய்ச் சொல்லிட்டீங்களா என்று கௌலத் கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்று கையேந்தினாள். நிழலைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவளும் பயப்படுவாள். அப்புறம் கடைக்கு யார் போவது, குழாயில் தண்ணீர் யார் பிடிப்பது? மேகம் கொஞ்சம் விலகினாலே எனக்குத் தலைவலி வந்துவிடும். நீ போய்ட்டு வா என்று அவளை அனுப்புவேன். முகம் சுளிக்காமல் போவாள், என் பங்கு வெயிலிலும் அவளே நிற்பாள்.

"ஒங்க வீட்டு அண்ணாச்சிக்கு வெயிலே ஆகாது போல," என்று சிசிலி அவளிடம் கேலி செய்வது எனக்குக் கேட்கும்.

இந்தப் புரட்டாசியில் நான்கு நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடித்தது. கௌலத் துணி காயப் போடுவதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம். அவள் காலடியில் அவள் நிழல். அதற்குக் குறுக்கே அது.

மங்கலாக இல்லை.

ஒவ்வொரு புல்லும் தனித்தனியாகத் தெரிந்தது.

முதலில் வந்தது என்ன நினைப்பு தெரியுமா? என்னை விட்டுவிட்டது என்று. அவள் மேல் இருக்கிறதென்றால் என் மேல் இல்லை என்று. அல்லாஹ் என்னை மன்னிக்க மாட்டான், எனக்குத் தெரியும். கூப்பிட வேண்டும், கௌலத் உள்ளே வா என்று கத்த வேண்டும். கத்தினால் அவள் ஓடி வருவாள். அவளோடு சேர்ந்து அதுவும் வரும்.

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டேன்.

வாளி விழுந்த சத்தம். தண்ணீர் கொட்டிய சத்தம்.

பிறகு கௌலத்.

"என்னங்க... இடுப்பு புடிச்சுக்கிச்சு. நிமிர முடியலைங்க."

குரல் தரையிலிருந்து வந்தது.

"என்னங்க, கதவைத் திறங்க. ஏன் பூட்டினீங்க?"

நான் அறையின் மூலையில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் கதவின் அடிப்பக்கத்தில் நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால், முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து, யாரோ பெருக்குகிறார்கள். நிதானமான, நீளமான வீச்சு. நின்றபடி பெருக்கினால் மட்டும் வருகிற சத்தம். இருபது வருஷம் இதில் பிழைத்தவனுக்கு அதில் சந்தேகம் வராது.

கௌலத் இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். பெருக்கும் சத்தம் அவளைத் தாண்டி வாசற்படிக்கு வந்துவிட்டது.